பேனருக்குக் கீழே நின்றவர்கள்

போன ஞாயிறு என் வகுப்புக்கு யாருமே வரவில்லை.

யாருமே என்றால், யாருமே! பாய்களை விரித்தேன். கரும்பலகையைத் துடைத்தேன். வெண்கட்டியை எடுத்துத் தேதி எழுதினேன். கோணலாக இருந்தது என்று அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதற்குப் பிறகும் ஒருவரும் வரவில்லை. வெளியே பனிமூட்டம் வேலிவரை வந்து நின்றது. அதுகூட உள்ளே வரவில்லை.

மழைக்குப் பயந்திருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். வாரம் முழுக்க மழையில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கா பயப்படுவார்கள்? என் மூளை அப்படித்தான். உண்மையான காரணம் கண்ணெதிரே நிற்கும்போது, அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வேறு காரணங்களைத் தேடும்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். மகளுக்குப் பல் முளைத்த விஷயத்தையே வாரக்கணக்கில் இழுத்தவள். குழந்தை அழுதால் ஏன் அழுகிறாள் என்றும், அழாவிட்டால் ஏன் அழவில்லை என்றும் கவலைப்படுகிறவள். தயவுசெய்து இந்த வாரக் கவலையை அந்த வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். இது வேறு.

விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பண்டாரவளையில் பஸ் ஏறி, தெமோதரைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்துக்குப் போகிறேன். பெயர் வேண்டாம். அந்தத் தோட்டத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசியது போதும். அங்கே பெரியவர்களுக்கு எழுத வாசிக்கச் சொல்லித் தரும் திட்டம் ஒன்று நடக்கிறது. அதற்குப் பதுளையில் அலுவலகம். வெறும் ‘அ, ஆ’ மட்டும் இல்லை. வேலை செய்யும் இடத்தில் தேவைப்படுகிற விஷயங்களும் உண்டு. எச்சரிக்கைப் பலகையை வாசிப்பது, போனுக்கு வரும் குறுஞ்செய்தியைப் படிப்பது, லீவு கேட்டு இரண்டு வரி எழுதுவது... இப்படி.

வகுப்பு நடப்பது பிள்ளை மடுவத்தில். தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் இருக்க மாட்டார்கள். அவர்கள் தூங்கும் துணி ஏணைகளைச் சுருட்டி மேலே கட்டியிருப்பார்கள். அந்த ஏணைகளைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டில் என் கணவரிடம் விட்டுவிட்டு வந்த மகளின் ஞாபகம் வரும். சாப்பிட்டிருப்பாளா? கட்டிலில் இருந்து விழுந்திருப்பாளா? இந்த மனுஷன் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா?

சரி, சரி... வகுப்பு.

தொடங்கிய புதிதில் இரண்டு மூன்று பேர்தான் வந்தார்கள். அதுவும் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு. பிறகு ஒரு நாள், மடுவத்தின் மூலையில் ஊசி இல்லாமல் துருப்பிடித்துக் கிடந்த தையல் மெஷினை யாரோ துடைத்து நடுவில் வைத்திருந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் பாய் நிறைந்துவிட்டது.

காரணம் புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. வீட்டில் எல்லோரும், “தையல் கிளாசுக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள்!

“எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு டீச்சர், இவ்வளவு நாளா தைக்கிறியே, எனக்கு ஒரு சட்டை எப்ப வரும்னு” என்றார் ஒருவர்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒடம்பு தைச்சாச்சு, காலர்தான் வரமாட்டேங்குது, டீச்சருக்கே சரியாத் தெரியாது போலன்னேன்.”

மடுவம் அதிரச் சிரித்தார்கள். நானும்தான். அந்த வீட்டுக்காரருக்கு உண்மை தெரியாதா? தெரியாமல் என்ன! மனைவிக்குப் பென்சிலைச் சீவிக் கொடுத்து அனுப்புவதே அவர்தானாம். பென்சிலால் யார் சட்டை தைப்பார்கள்?

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது விளங்கும். ஒரு குடும்பம் இருக்கும் காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையில் ஒரு சுவர். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். யார் வீட்டில் என்ன சண்டை, யாருக்கு எத்தனையாவது மாதம், யாருக்குக் கையெழுத்து வராது என்று எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அப்படி இருந்தும் அங்கே மானத்தோடு வாழ முடிகிறது என்றால் ஒரே காரணம், தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதுதான். நகரத்தில் எங்களுக்குக் கதவு இருக்கிறது. அவர்களுக்கு அந்த மௌனம் இருக்கிறது.

தையல் கிளாஸ் என்பதும் அப்படி ஒரு கதவுதான்.

அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தவர்களில் மரகதம் அக்காவும் ஒருவர்.

நாற்பதைத் தாண்டிய வயது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்கே அனுப்பப்படாதவர். மகள் கொழும்பில் துணிக்கடையில் வேலை. வலது தோளில் தீராத வலி. கொழுந்துச் சாக்கைத் தூக்கித் தூக்கி வந்தது. எழுதும்போதுகூட இடையிடையே வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொள்வார்.

அவர் வந்ததற்குக் காரணம் ஒரு தலையாட்டல்.

கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்வை பார்க்கும் கங்காணி வேலை, காலம் காலமாக ஆண்களுடையது. இப்போது சில தோட்டங்களில் பெண்களுக்கும் கொடுக்கிறார்கள். இந்தத் தோட்டத்திலும் கொடுப்பதாக முடிவாகி, தோட்டத்து உதவி மேலாளரான சின்னத் துரை மரகதம் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்.

“எல்லாரும் ஒங்க பேச்சத்தான் கேக்குறாங்க. நீங்களே செய்யுங்க. எழுத வாசிக்கத் தெரியுந்தானே?”

“ஆமாங்க தொரை” என்று தலையாட்டிவிட்டார்.

கங்காணி என்றால் முதுகில் பாரம் இல்லை. தோளுக்கு ஓய்வு. ஆனால் காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது எல்லோரும் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் இடத்தில், முன்னால் நின்று தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிட வேண்டும். யாருக்கு எந்த மலை என்று வாசிக்க வேண்டும். வேலை தொடங்குவதற்கு இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. அதற்குள் அந்தத் தலையாட்டலை உண்மையாக்கிவிட வேண்டும் என்றுதான் அக்கா வந்தார்.

“பொய் சொல்லிட்டேன் டீச்சர். அதுக்குள்ள அத நெசமாக்கிக் குடுத்துருங்க” என்றார் முதல் நாளே.

நான் என்ன, மந்திரவாதியா? ஆனால் அக்காவுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. பெயர். மரகதம்! கொம்பு இல்லை, கால் இல்லை, சுழி இல்லை. கடைசியில் ஒரே ஒரு புள்ளி. எழுதப் பழகுகிறவர்களுக்கு வேறு எந்தப் பெயர் இப்படி வாய்க்கும்? பக்கத்தில் இருந்த கோகிலேஸ்வரி அக்கா தன் பெயரின் கொம்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் முதல் வாரமே எழுதி முடித்துவிட்டு, “அப்புறம்?” என்று கேட்டார்.

அப்புறம் கொழுந்து, மலை, மழை, பெரட்டு... பிறகு தன்னோடு வேலை செய்யும் பெண்களின் பெயர்கள். வீட்டுக்குப் போய் அடுப்புக் கரியால் சுவரில் எழுதிப் பார்ப்பாராம். மறுநாள் அதன்மேல் சாணம் பூசிவிடுவாராம், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஞாயிறு வந்தது. வகுப்பு வெறிச்சோடிக் கிடந்தது என்றேனே, அதற்கு முந்திய ஞாயிறு. பதுளை அலுவலகத்தில் இருந்து திட்ட அதிகாரி வந்தார். நல்ல மனிதர். மழையில் நனைந்து, செருப்பெல்லாம் சேறாக, எல்லோருக்கும் பனிஸ் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு பேனரையும் கொண்டுவந்தார்.

எங்கள் பக்கத்தில் பேனர் இல்லாமல் எதுதான் நடக்கிறது? புத்தகப் பை கொடுத்தால் பேனர். தண்ணீர்த் தொட்டி கட்டினால் பேனர். கக்கூஸ் திறந்தாலும் பேனர். கொடுக்கிறவர் பெயர் மேலே பெரிதாக இருக்கும். வாங்குகிறவரின் குறை அதற்குக் கீழே இருக்கும். என் மகளின் பால்மாப் பெட்டியில், ‘தாய்ப்பால் போதாத தாய்மாருக்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் நான் அதைக் கடையில் எல்லோர் முன்னிலும் கேட்டு வாங்குவேனா? பழைய பேப்பரில் சுற்றித் தரச் சொல்லியிருப்பேன்.

மடுவத்தின் வெளிச் சுவரில் பேனரைக் கட்டினார்கள். சிங்களத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழ் வரி இதுதான்:

‘எழுத்தறிவற்ற தோட்டப் பெண்களுக்கான அடிப்படைத் திறன் வகுப்பு.’

அச்சுப் பிழை இல்லை. பொய்யும் இல்லை. அலுவலகத்துக் காகிதங்களில் இந்தச் சொல்லை நானே எத்தனை தடவை எழுதியிருப்பேன்! காகிதத்தில் உறுத்தாத சொல், சுவரில் ஏறியதும் உறுத்தியது. ‘சேர், இதை உள்ளே கட்டுவோமே’ என்று சொல்ல வாய் எடுத்தேன். மழையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், என்ன நினைப்பார்? யாருக்குத்தான் வாசிக்கத் தெரியும், யார் கவனிக்கப் போகிறார்கள்? இப்படி இரண்டு பக்கமும் யோசித்து முடிப்பதற்குள் கயிறு கட்டி முடித்துவிட்டார்கள்.

“எல்லாரும் கீழே நில்லுங்க. ஒரு படம்” என்றார் சேர்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். தையல் மெஷினையும் படத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு சிலர் அடம்பிடித்தார்கள். சேருக்குக் காரணம் புரியவில்லை. “அது எதுக்கு? இது எழுத்து வகுப்புத்தானே” என்று ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டார்.

மரகதம் அக்கா அண்ணாந்து பார்த்தார். “என்ன போட்டிருக்கு டீச்சர்?”

“வகுப்போட பேருதான் அக்கா.”

“இருங்க, சொல்லாதீங்க” என்றார். நடுவரியை நோக்கி விரலை நீட்டினார். “எ... ழு... எழு... த்...” உதடு அசைந்தது. நெற்றி சுருங்கியது. எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். “எழுத்து! டீச்சர், எழுத்துன்னுதானே போட்டிருக்கு?”

கை தட்டினார்கள்! அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் தோளை இடித்து, “அம்மாடி, கங்காணியம்மா வாசிக்க ஆரம்பிச்சிட்டாங்கடி!” என்றார். அந்த நொடியில்தான் படம் எடுக்கப்பட்டது.

அக்கா மிச்சத்தையும் வாசிக்கத் திரும்பினார். “பனிஸ் ஆறுது, வாங்க அக்கா” என்று நான்தான் உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

படம் அழகாக வந்திருந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். வரிசையில் எல்லோரும் விறைப்பாக நிற்க, நடுவில் ஒரு பெண் மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக இருக்கிறார். தலைக்கு மேலே அந்த வரி. அன்றைக்கே திட்டத்தின் முகநூல் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து அது தோட்டத்துப் பையன்களின் போன்களுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

மகளுக்கு அந்த வாரம் சளி. மூக்கடைத்துப் பால் குடிக்காமல் அழுதுகொண்டிருந்தாள். அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே போனைப் பார்த்தேன். படத்துக்குக் கீழே கருத்துகள். ‘வாழ்த்துகள்’, ‘நல்ல முயற்சி’ என்று சில. அதற்குக் கீழே வேறு விதமாக...

‘எங்க கங்காணியம்மா அ-னா படிக்கிறாங்களாம்.’

‘பேரு கூப்பிடுற அன்னைக்குக் கண்ணாடி மறந்திருவாங்க பாரு.’

‘பெரட்டுக்கு டீச்சரையும் கூட்டிட்டு வாங்கக்கா.’

உடனே சேருக்குப் போன் போட்டேன்.

“சேர், அந்தப் படத்தை எடுத்துவிடலாமா?”

“ஏன் மிஸ்? நல்லா வந்திருக்கே. கொழும்பிலேயே பாராட்டினாங்க.”

“அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்.”

“படிக்கிறதுல என்ன சங்கடம்? பெருமைதானே?”

“சரி சேர்” என்று வைத்துவிட்டேன். அவர் சொல்வது சரிதானே? படிப்பது பெருமைதான். ஆனால் ‘நான் படிக்கிறேன்’ என்று அவர்களே சொன்னால்தான் பெருமை. ‘இவர்களுக்குப் படிக்கத் தெரியாது’ என்று நாம் சுவரில் எழுதி, அதற்குக் கீழே அவர்களை நிறுத்தினால்? இந்தப் பதில் எனக்குத் தோன்றியது போனை வைத்த பிறகு. நல்ல பதில்கள் எனக்கு எப்போதும் போனை வைத்த பிறகுதான் தோன்றும்.

மறுபடி எடுத்துச் சொன்னேன். மறுத்துப் பேசாமல் படத்தை நீக்கினார். கேட்டால் செய்கிற மனிதர்தான். ஆனால் பையன்களின் போன்களில் இருந்து அதை யார் நீக்குவது?

உடனே தோட்டத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. குழந்தைக்கு மூச்சு இழுக்கும்போது எப்படிப் போவது என்றும் தோன்றுகிறது. இரண்டும் சரிதான். இரண்டும் சரியாக இருப்பதுதான் பெரிய தொல்லை.

இனிப் போன ஞாயிற்றுக்கு வருகிறேன். விரித்த பாய்களுக்கு நடுவில் நான் தனியாக நின்றபோது, சாவி வைத்திருக்கும் பிள்ளை மடுவத்து ஆயா சரோஜா அக்கா எட்டிப் பார்த்தார்.

“யாரும் வரமாட்டாங்க டீச்சர். பாயைச் சுருட்டிருங்க.”

“என்ன அக்கா நடந்தது?”

“என்ன நடக்கல? கொழுந்து நிறுக்குற எடத்துல ஆம்பளைங்க எல்லாம் ‘இன்னைக்கு என்ன பாடம்’னு கேக்குறானுங்க. சட்டை கேட்டாரே, அந்த மனுசன் இப்ப பொஞ்சாதி கூட மொகம் குடுத்துப் பேசுறதில்ல. ஊரே சிரிக்குதாம்.”

“அவருக்குத்தான் முன்னாடியே தெரியுமே!”

“தெரியும். ஊருக்குத் தெரியும்னு அவருக்கு இப்பத்தான தெரியும்?”

“மரகதம் அக்கா?”

சரோஜா அக்கா ஏணையொன்றின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். பிறகு, “போய்ப் பாருங்க” என்றார்.

போவதா, வேண்டாமா? போனால் அக்கம்பக்கம் பார்க்கும். ‘அந்தா, டீச்சர் வீட்டுக்கே வந்துட்டாங்க’ என்று அதுவும் ஒரு பேச்சாகும். போகாவிட்டால்... போனேன்.

மரகதம் அக்கா இஸ்தோப்பில், அதாவது காம்பராவுக்கு முன்னால் இருக்கும் சின்ன ஒதுக்கில், விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“வாங்க டீச்சர். பாப்பாவுக்குச் சளி எப்படி இருக்கு?”

எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. இந்த மலைகளில் எதுதான் தெரியாமல் போகிறது?

உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தார். தேத்தண்ணி ஊற்றினார். சுவரில் புதிதாகச் சாணம் பூசியிருந்தது. ஈரம் காயவில்லை. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“படத்தைப் பார்த்துட்டுத் துரை என்ன சொன்னார் அக்கா?” ஒருவழியாகக் கேட்டேன்.

“கோவப்படல டீச்சர். மரியாதையாத்தான் பேசினாரு. ‘அப்பவே ஏன் சொல்லல’ன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? ‘முழுசாப் படிச்சிட்டு வாங்க, அடுத்த தரம் பாப்பம்’னாரு. கீழ் டிவிசன்ல இருந்து ஒரு பையனப் போட்டுட்டாங்க. நல்ல பையந்தான்.”

“அடுத்த தரம் கட்டாயம் கிடைக்கும் அக்கா. அதற்குள்ளே நாம...”

“அடுத்த தரம் வாரப்ப இந்தத் தோளு இருக்குமா டீச்சர்?”

தேத்தண்ணியைக் குடித்தேன். குடிப்பதைத் தவிர வேறு என்ன செய்வது? ‘மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்தேன். அந்த நேரத்தில், அதைச் சொன்னால் ‘பரவாயில்லை டீச்சர்’ என்று அவரைச் சொல்ல வைப்பது போலாகிவிடுமோ என்று தோன்றியது. அவர் தலையில் ஏற்கெனவே இருப்பது போதாதா? கடைசியில் சொன்னேன். அவரும் அதைத்தான் சொன்னார்.

“பரவாயில்ல டீச்சர். நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க.”

கோப்பையை வாங்கி வைத்துவிட்டு அவராகவே பேசினார்.

“படத்த அழிக்கிறதுக்கு முன்னாடியே பக்கத்துக் காம்பராப் புள்ளையோட போன வாங்கினேன். கீழ எழுதியிருந்தத எல்லாம் படிச்சேன்.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு விடல. அந்தப் புள்ள வாசிச்சுக் காட்டுறேன்னுச்சு. வேணாம்டி, நானே படிக்கிறேன்னேன். ஒவ்வொண்ணாக் கூட்டிக் கூட்டி... அடுப்புல சோறு தீஞ்சு போச்சு. எங்க அண்ணன் மகனும் போட்டிருந்தான். நான் தூக்கி வளத்த பய. சிரிக்கிற மொகம் நாலு போட்டிருந்தான். அதுக்குப் படிப்பு வேணாமே, அது எனக்கு முன்னாடியே புரியும். அதுக்குப் பக்கத்துல எழுதியிருந்தான் பாருங்க, அதுக்குத்தான் நேரம் எடுத்துச்சு.”

என்ன எழுதியிருந்தான் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. நாலு சிரிக்கிற முகத்தோடு இருந்தது ஒரே ஒரு வரிதான். கண்ணாடி மறந்துவிடும் என்று எழுதியவன் அவன்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பேனரில் இருந்த வரியைப் பற்றியும் பேச்சு வந்தது. “அன்னைக்கு மிச்சத்தப் படிக்க விடாம என்னைய இழுத்துட்டுப் போனீங்க” என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. “நல்ல வேளை. சந்தோசமா ஒரு பனிஸ் சாப்பிட்டேன்.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பாதை வளைவு வரை கூட வந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வழியில் இரண்டு பெண்கள் எதிரே வந்தார்கள். என் வகுப்பில் இருந்தவர்கள்தான். “போய்ட்டு வாரீங்களா டீச்சர்” என்று தலையைக் குனிந்தபடியே கேட்டுவிட்டுக் கடந்து போனார்கள். வகுப்பை வேறு இடத்துக்கு மாற்றலாமா, வேறு நாளுக்கு வைக்கலாமா, நிஜமாகவே தையல் சொல்லிக் கொடுக்கும் ஒருவரையும் கூட அழைத்து வரலாமா என்று என் மூளை வேகமாகத் திட்டம் போட்டது. அக்காவிடம் சொல்லவும் தொடங்கினேன்.

அவர் கேட்டுக்கொண்டு வரவில்லை என்பது தாமதமாகத்தான் தெரிந்தது. பாதையோரக் கல்லில் யாரோ பெயின்டால் எழுதியிருந்த ஏதோ ஒரு விளம்பரத்தில் அவர் கண் நின்றிருந்தது. உதடு அசைந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கவா டீச்சர்?”

“கேளுங்க அக்கா.”

“பாக்கக் கூடாதுன்னுதான் இருக்கேன். முடியல. பஸ்ஸுல போனா போர்டு, கடைக்குப் போனா சவுக்காரக் கவரு... எத்தப் பாத்தாலும் கண்ணு தன்னால எழுத்துக் கூட்டுது. கூட்டினதும் அன்னைக்குப் படிச்சதெல்லாம் ஞாபகத்துக்கு வருது. படிச்சத எப்படி டீச்சர் மறக்குறது?”

என்னை அந்தத் தோட்டத்துக்கு அனுப்பியவர்கள், படிப்பிக்க மட்டும்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள்.